காணாமல்போன கடல்களும் கரையாத கண்டங்களும்

உலகப் பெருங்கடல்களின் தரையில் எங்கே துளையிட்டாலும் 20 கோடி ஆண்டுக்கு முந்திய பாறை கிடைப்பது குதிரைக்கொம்பு. மேற்குப் பசிபிக்கில், மரியானா அகழிக்குக் கிழக்கே இருக்கும் தரைதான் பெருங்கடல்களில் மூத்தது. அதற்கே வயது 18 கோடி ஆண்டை ஒட்டித்தான். மத்தியதரைக் கடலின் கிழக்கு மூலையில் இதைவிடப் பழைய துண்டு ஒன்று சிக்கிக் கிடக்கிறது என்று வாதிடுவோர் உண்டு. அதை ஏற்றுக்கொண்டாலும் கணக்கு பெரிதாக மாறிவிடாது.

நிலத்துக்கு வந்தால் கதையே வேறு. கனடாவின் வடமேற்கில் உள்ள அகாஸ்டா நைஸ் என்ற பாறைக்கு வயது 400 கோடி ஆண்டு. ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த சிர்க்கான் படிகங்களில் மிகப் பழையது 440 கோடி ஆண்டுக்கு முன் உருவானது. பூமியே பிறந்து 454 கோடி ஆண்டுதான் ஆகிறது.

கடல்நீர் புதிதல்ல. தண்ணீருக்கு அடியில் இருக்கும் தரைதான் புதிது. அப்படியானால் அதற்கு முன்பு இருந்த பெருங்கடல்களின் தரையெல்லாம் எங்கே போயிற்று? இருந்த இடம் தெரியாமல் போன ஒரு கடலுக்கு எப்படிப் பெயர் வைக்கிறார்கள், அது எப்போது திறந்தது, எப்போது மூடியது என்று எப்படிச் சொல்கிறார்கள்? இயாபெட்டஸ், ரீயிக், டெத்திஸ், மொசாம்பிக் என்று புவியியலாளர்கள் அடுக்கிக்கொண்டே போகும் பெயர்களைப் பார்த்து மலைத்தவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

எடையில் இருக்கிறது சூட்சுமம்

கடல்தரையும் நிலமும் ஒரே பொருளால் ஆனவை அல்ல. கடல்தரை என்பது பசால்ட் என்ற எரிமலைப் பாறையும் அதன் உறவுப் பாறைகளும் சேர்ந்த, ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தடிமனுள்ள கரிய மேலோடு. கண்டங்களின் மேலோடு சராசரியாக 35 முதல் 40 கிலோமீட்டர் தடிமன் கொண்டது. இயல்பில் கிரானைட்டை ஒத்தது. ஒரு கன சென்டிமீட்டர் பசால்ட்டின் எடை சுமார் 3 கிராம் என்றால், கிரானைட்டின் எடை 2.7 கிராம். அற்பமான வேறுபாடுதான். ஆனால் எந்தத் தரை நிலைக்கும், எது அழியும் என்பதைத் தீர்மானிப்பது இந்த அற்ப வேறுபாடே.

நடுக்கடல் மலைத்தொடர்களில் இரண்டு தட்டுகள் (பூமியின் வெளிப்புறம் பிரிந்து கிடக்கும் பெரும் பாறைப் பலகைகள்) விலகும் இடைவெளியில் பாறைக்குழம்பு மேலேறி உறைந்து புதிய தரையாகிறது. மலைத்தொடரைவிட்டு நகர நகர அது குளிர்கிறது. அதற்கு அடியில் இருக்கும் கவசப் பாறையும் (மேலோட்டுக்குக் கீழே உள்ள தடித்த அடுக்குதான் கவசம்) குளிர்ந்து ஒட்டிக்கொள்வதால் தட்டு தடித்துக்கொண்டே போகிறது. சில கோடி ஆண்டுகளில் அதன் அடர்த்தி, கீழே உள்ள சூடான கவசத்தின் அடர்த்தியைத் தாண்டிவிடுகிறது. அதன் பிறகு எங்காவது ஒரு விளிம்பு உடைந்து உள்ளே இறங்கத் தொடங்கினால் லேசில் நிற்காது. ஆழத்தின் அழுத்தத்தில் பசால்ட் எக்லோகைட் என்ற பாறையாக மாறி, அடர்த்தி 3.5-ஐ நெருங்குகிறது. முன்னே இறங்கிய பகுதி பின்னால் இருப்பதையும் சேர்த்து இழுக்கிறது. தட்டுகளை நகர்த்தும் விசைகளில் முதலிடம் இந்த இழுவைக்குத்தான். பாடப்படங்களில் கவசத்தின் வெப்பச் சுழற்சி தட்டுகளைச் சுமந்து செல்வதுபோல அம்புக்குறி போட்டிருப்பார்கள். அந்தப் படம் பாதி உண்மை. தட்டே தன் எடையால் தன்னை இழுத்துக்கொள்கிறது என்பதுதான் பெரிய பாதி.

கண்டமும் தட்டின் மேல்தான் சவாரி செய்கிறது. ஆனால் அமிழும் விளிம்புக்கு வந்ததும் கண்டத்தின் இலேசான மேலோடு உள்ளே போக மறுக்கிறது. முட்டி மோதி மடிந்து மலையாக எழும், பிளந்து இரண்டாகும், இன்னொன்றோடு ஒட்டிக்கொள்ளும். மொத்தமாக மூழ்கிப்போகாது. ஆகவே கடல்தரை வந்து போகும் விருந்தாளி, கண்டம் வீட்டுக்காரர். விருந்தாளி விட்டுச்சென்ற சுவடுகளை வீட்டுக்காரரின் வாசலில்தான் தேட வேண்டும்.

கண்டக்கரு

ஒவ்வொரு கண்டத்தின் நடுவிலும் பழமையான, அசையாத பகுதிகள் இருக்கின்றன. இவற்றைக் கிரேட்டான் என்பார்கள். இங்கே கண்டக்கரு என்று சொல்லிக்கொள்வோம். தென்னாப்பிரிக்காவின் காப்வால், ஆஸ்திரேலியாவின் பில்பரா, கனடாவின் சுப்பீரியர், இந்தியாவின் தார்வார், சிங்பும் ஆகியவை எல்லாம் இந்த வகை. பெரும்பாலானவை 250 கோடி ஆண்டுக்கு முன்பே உருவாகி முடிந்தவை.

அன்றைய பூமி இன்றைவிடச் சூடானது. தென்னாப்பிரிக்காவின் கொமாட்டி ஆற்றின் பெயரைத் தாங்கிய கொமாட்டியைட் என்ற எரிமலைப் பாறை அதற்குச் சாட்சி. 1,600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பொங்கி வழிந்த குழம்பு அது. இன்றைய ஹவாய் எரிமலைக் குழம்பு 1,200 டிகிரியை ஒட்டியே நின்றுவிடுகிறது. அந்தச் சூட்டில் தடித்த பசால்ட் அடுக்குகள், நீரின் துணையோடு, அடியில் ஓரளவு உருகின. உருகிய இலேசான பகுதி மேலேறிக் கிரானைட் வகைப் பாறையாக உறைந்தது. இந்த உருகல் இன்றைப் போலத் தட்டுகள் அமிழ்ந்ததால் நடந்ததா, அல்லது தடித்த மேலோட்டின் அடிப்பகுதி இருந்த இடத்திலேயே உருகியதா என்பதில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. இப்போதைக்குச் சமரசம் ஆகும் அறிகுறி இல்லை.

கண்டக்கருவின் பலம் மேலே தெரியும் பாறையில் இல்லை, அடியில் இருக்கிறது. அதன் கீழே 200 கிலோமீட்டர் ஆழம் வரை குளிர்ந்து இறுகிய கவசப் பாறை வேர்போல இறங்கியிருக்கிறது. குளிர்ந்தால் கனக்க வேண்டுமே, ஏன் மூழ்கவில்லை? பழைய காலத்தில் பெருமளவு உருகல் நடந்தபோது அதிலிருந்த இரும்புச் சத்து கணிசமாக வெளியேறிவிட்டது. எஞ்சிய பாறை இலேசானது, நீர் குறைந்தது, அதனால் விறைப்பானது. குளிர்ச்சியால் கூடிய எடையை இந்த இலேசான தன்மை ஈடுகட்டிவிடுகிறது. கரி வைரமாவதற்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர் ஆழத்தின் அழுத்தமும், அந்த ஆழத்துக்கு மிதமான வெப்பமும் வேண்டும். இரண்டும் ஒருசேர அமைவது இந்த வேர்களில்தான். வைரத்தை மேலே கொண்டுவரும் கிம்பர்லைட் குழாய்களில் வணிகத்துக்குத் தேறுபவை பழங்கண்டக்கருக்களின் மேலேயே அமைந்திருப்பது அதனால்தான்.

வேர் நிரந்தரம் என்றும் சொல்லிவிட முடியாது. வடசீனக் கண்டக்கருவின் கிழக்குப் பகுதியில் 47 கோடி ஆண்டுக்கு முன் வெடித்த கிம்பர்லைட்டில் வைரம் இருக்கிறது. எனவே அன்று அங்கே ஆழமான வேர் இருந்தது. அதே பகுதியில் மிகப் பிற்காலத்தில் வெடித்த பசால்ட் சுமந்துவந்த கவசத் துண்டுகளோ, வேரின் ஆழம் 80 கிலோமீட்டர்கூட இல்லை என்று காட்டுகின்றன. இடையில் நூறு கிலோமீட்டருக்கு மேல் கழன்று போய்விட்டது. பசிபிக் தட்டு அதன் அடியில் அமிழ்ந்ததே காரணம் என்று பலரும் கருதுகிறார்கள்.

திறந்து மூடும் கடல்கள்

1966-ல் கனடாவின் புவியியலாளர் ஜான் டூசோ வில்சன் ஒரு கேள்வியையே தலைப்பாக வைத்து ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார்: அட்லாண்டிக் ஒருமுறை மூடிப் பிறகு மீண்டும் திறந்ததா? அவரை உறுத்தியது டிரைலோபைட்டுகள். நண்டு, பூரான் போன்றவற்றுக்குத் தூரத்து உறவான, எப்போதோ அற்றுப்போன கடலுயிர்கள் அவை. ஏறத்தாழ 50 கோடி ஆண்டுக்கு முந்திய பாறைகளில் வட அமெரிக்க வகை ஒன்று, ஐரோப்பிய வகை ஒன்று என இரண்டு குழுக்கள் இருந்தன. இன்றைய அட்லாண்டிக்தான் எல்லை என்றால் அமெரிக்க வகை அங்கும் ஐரோப்பிய வகை இங்குமாகப் பிரிந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. ஸ்காட்லாந்தில் கிடைத்தவை அமெரிக்க வகை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் கிழக்கில் கிடைத்தவை ஐரோப்பிய வகை. அதே தீவின் மேற்கில் அமெரிக்க வகை. ஆழங்குறைந்த கரையோரத்தில் வாழும் உயிர் ஆழ்கடலைத் தாண்டாது. எனவே ஒரே தீவின் இரண்டு பாதிகளுக்கு நடுவே ஒரு காலத்தில் பெருங்கடல் ஒன்று கிடந்திருக்க வேண்டும்.

அந்தக் கடல்தான் இயாபெட்டஸ். சுமார் 60 கோடி ஆண்டுக்கு முன் திறந்தது. 42 கோடி ஆண்டுக்கு முன் ஏறக்குறைய மூடிவிட்டது. அதன் ஒரு கரையில் லாரென்ஷியா, அதாவது வட அமெரிக்காவின் கரு. எதிர்க்கரையில் வட ஐரோப்பாவின் கருவான பால்டிகாவும், இங்கிலாந்தையும் நியூஃபவுண்ட்லாந்தின் கிழக்கையும் சுமந்த அவலோனியா என்ற சிறுகண்டமும். கடல் குறுகக் குறுக இரு கரைகளின் புதைபடிவங்களுக்கும் இடையே வேற்றுமை குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஒன்றுபோல் ஆகிவிடுகிறது. மூடிய வேகத்தை உயிர்களே பதிவு செய்து வைத்திருக்கின்றன. பின்னாளில் இன்றைய அட்லாண்டிக் பிறந்தபோது பழைய தழும்பின் மேலேயே அச்சுப் பிசகாமல் பிளக்கவில்லை. அதனால்தான் ஸ்காட்லாந்து ஐரோப்பாவோடு தங்கிவிட்டது. பிறகு உருவாகிப் பிரிந்த பாஞ்சியா பெருங்கண்டத்தின் கதையில் ஆப்பிரிக்கப் பக்கத்துப் பாறை ஒன்று ஃபுளோரிடாவின் அடியில் மாட்டிக்கொண்டது.

திறப்பு, விரிவு, சுருக்கம், மூடல் என்ற இந்தச் சுற்றுக்கு வில்சன் சுழற்சி என்று பெயர். ஒவ்வொரு கட்டத்துக்கும் உயிருள்ள உதாரணம் இன்றே இருக்கிறது. கண்டம் கீறத் தொடங்கியதைக் கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கிலும், பிறந்த கடலைச் செங்கடலிலும், வளர்ந்ததை அட்லாண்டிக்கிலும், விளிம்புகள் அமிழும் முதுமையைப் பசிபிக்கிலும், கடைசி மூச்சை மத்தியதரைக் கடலிலும் பார்க்கலாம். மூடிய பிறகு என்ன ஆகும் என்பதற்கு இமயமலை.

நியூஃபவுண்ட்லாந்தின் மேற்கில் குரோஸ் மோர்ன் தேசியப் பூங்காவில் டேபிள்லேண்ட்ஸ் என்ற மேட்டுநிலம் இருக்கிறது. சுற்றிலும் பச்சைக் காடு. அந்த மேடு மட்டும் துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் மொட்டையாக நிற்கிறது. அது பெரிடோடைட், பூமியின் கவசத்தைச் சேர்ந்த பாறை. மக்னீசியம் மிகுந்து சத்துகள் குறைந்திருப்பதால் செடிகள் அதில் வேர்பிடிக்கத் திணறுகின்றன. அந்தப் பகுதியின் பாறைத் தொகுதியை அடியிலிருந்து மேலாகப் பார்த்தால் பெரிடோடைட், அதன் மேல் மெதுவாக உறைந்த கேப்ரோ, அதன் மேல் சுவர்சுவராக நெருக்கி நிற்கும் பசால்ட் தகடுகள், உச்சியில் தண்ணீருக்குள் வழிந்து உருண்டு திரண்ட தலையணைவடிவ எரிமலைக்குழம்பு என்று வரிசை அமைந்திருக்கிறது. நடுக்கடலில் தரை உருவாகும் முறையே இதுதான். இப்படி நிலத்தின் மேல் ஏறிக்கொண்ட கடல்தரைத் துண்டுக்கு ஓஃபியோலைட் என்று பெயர். உலகிலேயே பெரியதும் நன்றாகப் பிழைத்ததும் ஓமானின் செமாயில். அதன் வயது 9.5 கோடி ஆண்டை ஒட்டியது. மறைந்த கடலின் உடலில் ஒரு துண்டு நேராகக் கைக்குக் கிடைப்பது ஓஃபியோலைட்டில் மட்டும்தான். மற்றவை எல்லாம் சூழ்நிலைச் சாட்சியங்கள்.

அவற்றில் நீலநிறம் பூண்ட புளூஷிஸ்ட் முக்கியமானது. அழுத்தம் அதிகம், வெப்பம் குறைவு என்ற விசித்திரமான சூழலில்தான் அது உருவாகும். குளிர்ந்த தட்டு வேகமாக அமிழும் இடத்தைத் தவிர அந்தச் சூழல் வேறெங்கும் அமைவது அரிது. ஓரிடத்தில் புளூஷிஸ்ட் இருந்தால் அங்கே ஒரு கடல் விழுங்கப்பட்டது என்று ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்லலாம்.

கல்லுக்குள் திசைகாட்டி

கண்டம் எந்த அட்சரேகையில் இருந்தது என்பதைக் கண்டுபிடிக்கும் முறை எளிமையானது. பசால்ட்டில் மேக்னடைட் என்ற காந்தத் தாது இருக்கிறது. பாறை 580 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிரும்போது, அன்று பூமியின் காந்தப்புலம் எந்தத் திசையில் இருந்ததோ அந்தத் திசை அதில் பதிந்துவிடுகிறது. நிலநடுக்கோட்டில் காந்தப்புலம் கிடையாக இருக்கும், துருவத்தில் செங்குத்தாக. நடுவில் இருக்கும் சாய்வுக்கு ஒரே வரியில் சூத்திரம்: சாய்வின் டேன்ஜென்ட், அட்சரேகையின் டேன்ஜென்டைப்போல் இரு மடங்கு.

தக்காணப் பீடபூமியின் பசால்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 6.6 கோடி ஆண்டுக்கு முன் கொட்டிய அந்தக் குழம்பில் உறைந்த காந்தச் சாய்வு 50 பாகையை ஒட்டியது. சூத்திரத்தில் போட்டால் அட்சரேகை ஏறத்தாழ 30 பாகை, அதுவும் தெற்கே. இன்று அந்தப் பாறை இருப்பது வடக்கே 20 பாகைக்கு அருகில். 50 பாகை என்றால் சுமார் 5,500 கிலோமீட்டர். ஆண்டுக்குச் சராசரி 8 சென்டிமீட்டர். ஆசியாவை மோதுவதற்கு முன்பு இந்தியத் தட்டு ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கும் கூடுதலாக ஓடிய காலம் உண்டு. மோதியதும் வேகம் தணிந்தது.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். காந்தச் சாய்வு அட்சரேகையைத் தருமே தவிரத் தீர்க்கரேகையைத் தராது. கண்டம் எவ்வளவு வடக்கே, எவ்வளவு தெற்கே இருந்தது என்று தெரியும். கிழக்கு மேற்கில் எங்கே என்று தெரியாது. கடைசி 18 கோடி ஆண்டுக்கு இது தொல்லையில்லை. கடல்தரையில் மாறிமாறிப் பதிந்திருக்கும் காந்தப் பட்டைகளைப் பின்னோக்கிச் சுருட்டினால் கண்டங்கள் தாமாகவே இடத்துக்கு வந்துவிடும். அதற்கு முன்பு சுருட்டுவதற்குத் தரையே இல்லை. இணையத்தில் 100 கோடி ஆண்டுப் பயணத்தை ஒரு நிமிடத்தில் காட்டும் அசைபடங்கள் எல்லாக் காலத்தையும் ஒரே உறுதியோடு காட்டுகின்றன. அவற்றில் கடைசிச் சில நொடிகளை நம்பலாம். முதல் பாதியோ, விவரம் தெரிந்தவர்களின் ஊகம்தான்.

டெத்திஸ்: ஒரு பொதுத் தவறு

ஏறத்தாழ 60 முதல் 52 கோடி ஆண்டுக்கு முன்பு, இடையில் கிடந்த மொசாம்பிக் கடல் மூடியதில் ஆப்பிரிக்கா, இந்தியா, அண்டார்க்டிகா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா ஆகியவற்றின் கருக்கள் சேர்ந்து கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஆயின. மோதலின் தழும்பு அரேபியாவில் தொடங்கி, கிழக்கு ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், தென்னிந்தியா, இலங்கை வழியாக அண்டார்க்டிகா வரை ஓடுகிறது. கோண்டுவானாவை அடையாளம் காட்டிய பெரிய சாட்சி குளோசோப்டெரிஸ் என்ற தாவரத்தின் இலைப் புதைபடிவம். தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் 1912-ல் இறந்துபோன ராபர்ட் ஸ்காட்டின் குழுவினர், நடக்கவே திராணியற்ற நிலையிலும் 16 கிலோ கற்களைக் கீழே போடாமல் இழுத்து வந்திருந்தனர். உடல்களோடு மீட்ட அந்தக் கற்களில் குளோசோப்டெரிஸ் இருந்தது. இன்று பனி மூடிக் கிடக்கும் கண்டத்தில் ஒரு காலத்தில் காடு இருந்ததும், அது இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இருந்த அதே காடுதான் என்பதும் அதனால் தெரிந்தது.

கோண்டுவானாவின் வடக்குக் கரையிலிருந்து நீளவாட்டில் துண்டுகள் கழன்று, வடக்கே போய் ஆசியாவோடு ஒட்டிக்கொண்டே இருந்தன. சுமார் 28 கோடி ஆண்டுக்கு முன் இன்றைய ஈரான், ஆப்கானிஸ்தான், திபெத், தாய்லாந்து, மலேசியா ஆகியவற்றின் பகுதிகள் அப்படிக் கிளம்பின. அவற்றுக்கும் ஆசியாவுக்கும் நடுவே இருந்த பழைய டெத்திஸ் கடல் மூடிக்கொண்டே வர, பின்னால் புதிய டெத்திஸ் திறந்தது. கடைசியாகக் கிளம்பிய இந்தியா, 5 கோடி ஆண்டுக்குச் சற்று முன்னோ பின்னோ, அந்தப் புதிய டெத்திஸையும் மூடிவிட்டது. அந்தத் தழும்பு சிந்து, சாங்போ (திபெத்தில் பிரம்மபுத்திராவின் பெயர்) ஆறுகளை ஒட்டி ஓடுகிறது. வழிநெடுக ஓஃபியோலைட் துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன.

எவரெஸ்ட் உச்சியில் இருப்பது டெத்திஸின் அடித்தரை என்று அடிக்கடி படிக்கிறோம். இரண்டு வகையில் அது தவறு. உச்சியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதில் டிரைலோபைட், கடல் அல்லி ஆகியவற்றின் நொறுங்கிய துண்டுகள் இருக்கின்றன. வயது 45 கோடி ஆண்டுக்கு மேல். புதிய டெத்திஸ் பிறப்பதற்கு 15 கோடி ஆண்டுக்கும் முந்திய பாறை அது. இரண்டாவது, அது ஆழ்கடல் தரையே அல்ல. கோண்டுவானாவின் கரையோரம், ஆழமில்லாத நீரில், கண்டத்தின் மேலேயே படிந்த படிவு. மூழ்காமல் மிஞ்சியதும் அதனால்தான். டெத்திஸின் கரையோரப் படிவு வேண்டுமென்றால் சாளக்கிராமத்தைப் பார்க்க வேண்டும். நேபாளத்தின் கண்டகி ஆறு உருட்டிவரும் அந்தக் கருங்கற்களுக்குள் சுருண்டிருப்பது, பெரும்பாலும் ஜுராசிக் காலத்து அம்மோனைட் என்ற அற்றுப்போன கடலுயிரின் ஓடு.

ஆழ்கடல் தரை போன இடமும் இப்போது ஓரளவு தெரிகிறது. நிலநடுக்க அலைகள் குளிர்ந்த பாறையில் சற்று வேகமாகப் பாயும். உலகெங்கும் பதிவான அலைகளின் நேரத்தைக் கணித்து உள்ளுறுப்பு ஸ்கேன் போலப் படம் எடுத்தால், இந்தியாவுக்கும் அதன் தெற்கே கடலுக்கும் கீழே, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், வேகம் கூடிய பெரிய பட்டைகள் தெரிகின்றன. அமிழ்ந்த டெத்திஸ் தட்டின் மிச்சம் அவை. கண்டம் அவற்றின் மேலே ஓடி வடக்கே போய்விட்டது.

அதற்கும் முன்னால்

110 கோடி ஆண்டிலிருந்து 90 கோடி ஆண்டு வரையான காலத்தில் கண்டக்கருக்கள் எல்லாம் ரோடினியா என்ற பெருங்கண்டமாகத் திரண்டு, 75 கோடி ஆண்டை ஒட்டிச் சிதறத் தொடங்கின. அதற்கு முன்பு கொலம்பியா என்று இன்னொன்று. இங்கே டிரைலோபைட் கிடையாது, இலை கிடையாது, ஓஃபியோலைட்டும் அரிது. கையில் இருப்பவை காந்தச் சாய்வும் சிர்க்கானும் மட்டும். சிர்க்கான் படிகம் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தைச் சேர்த்துக்கொள்ளாது. எனவே அதற்குள் இருக்கும் ஈயம் ஏறக்குறைய முழுதும் யுரேனியம் சிதைந்து உண்டானது. இரண்டின் விகிதத்தை அளந்தால் வயது வந்துவிடும். பாறை அரித்து மணலானாலும் சிர்க்கான் அழியாது.

1991-ல் சிலர் ஒரு துணிச்சலான யோசனையை வெளியிட்டனர்: ரோடினியாவில் அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதிக்கு எதிரே ஒட்டியிருந்தது கிழக்கு அண்டார்க்டிகா. வட அமெரிக்காவில் 140 கோடி ஆண்டை ஒட்டிய தனித்தன்மையுள்ள கிரானைட் வரிசை ஒன்று, கண்டத்தைக் குறுக்காகக் கடந்து மேற்கு விளிம்பில் திடீரென நின்றுவிடுகிறது. அதன் தொடர்ச்சி எங்கே? 2008-ல் அமெரிக்கப் புவியியலாளர் ஜான் குட்ஜும் அவருடைய குழுவினரும் அண்டார்க்டிகாவின் நிம்ராட் பனியாற்றுப் பகுதியில், பனி தள்ளிக்கொண்டு வந்து போட்ட குவியலில் ஒரு கிரானைட் கல்லைக் கண்டெடுத்தனர். வயது 144 கோடி ஆண்டு. சிர்க்கானில் இருந்த ஹாஃப்னியம் என்ற தனிமத்தின் ஐசோடோப்பு விகிதமும் அமெரிக்கக் கிரானைட்டோடு ஒத்துப்போனது.

ஆஸ்திரேலியாவை எங்கே வைப்பது என்பதில்தான் இன்னும் இழுபறி. அண்டார்க்டிகாவோடு சேர்த்து அமெரிக்காவின் மேற்கில் ஒட்டவைப்போர் ஒரு பக்கம். காந்தத் தரவுகளை முன்வைத்து, மெக்சிகோ வரை தெற்கே இறக்குவோர் ஒரு பக்கம். ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே தென்சீனக் கருவைச் செருகுவோர் இன்னொரு பக்கம். தீர்ப்புச் சொல்லத் தேவையான பாறைகளில் கணிசமானவை அண்டார்க்டிகாவில் இருக்கின்றன. அந்தக் கண்டத்தின் 98 சதவீதப் பரப்பு பனிக்கு அடியில் இருப்பதால், பனியாறுகள் விளிம்புக்குத் தள்ளும் கற்களையும் மணலையும் பொறுக்கி, ஒவ்வொரு சிர்க்கானாக வயது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.